ஏப்ரலில் ஸ்வெட்டர் போட்ட பெண்

எனக்குப் பிறகு பள்ளி மருத்துவ அறைப் பொறுப்புக்கு வந்திருக்கும் நர்ஸ் போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தார். கையில் நான் விட்டுவிட்டு வந்த எடைப் பதிவேடு.

"மேடம், உயரம், எடை, கண், பல் எல்லாம் புரியுது. கடைசியில நீங்களே ஸ்கேல் வெச்சு மூணு கட்டம் போட்டிருக்கீங்களே. ஸ்வெட்டர், கை, டிபன். இது எந்த ஃபார்ம்ல வருது?"

எந்த ஃபார்மிலும் வராது என்றேன். அவருடைய காப்பி ஆறிப்போகும் வரை சொன்னதை இங்கே கொஞ்சம் ஒழுங்குபடுத்தி எழுதுகிறேன். ஞாபகத்தை நம்பி எழுதவில்லை. பதினேழு வருட டயரிகள் வரிசையாக அலமாரியில் இருக்கின்றன. என்ன மழை, எத்தனை காய்ச்சல், யாருக்கு எந்த முழங்காலில் சிராய்ப்பு என்பது வரை அவற்றில் உண்டு. ஒன்றை மட்டும் எழுத மாட்டேன். இந்தக் கட்டுரையில் எந்தப் பெண்ணின் எடையும் எண்ணாக வராது. ஏன் என்பது படிக்கும்போது தெரிந்துவிடும்.

மதுரையில் மூன்று வருடம் நர்சிங் படித்தேன். இரண்டு வருடம் பிரசவ வார்டு. பிறகு கல்யாணம், டெல்லி, லக்ஷ்மிபாய் நகரில் அரசாங்கக் குவார்ட்டர்ஸ். நடந்துபோகும் தூரத்தில் இருந்த தமிழ்ப் பள்ளியில் நர்ஸ் வேலை காலி என்று கணவர் அலுவலகத்தில் யாரோ சொன்னார்கள். அப்படித்தான் போனேன். ஒரு கட்டில், ஒரு திரை, ஊசி கொதிக்க வைக்கும் பாத்திரம், ஆளுயர எடை மெஷின். அதுதான் மருத்துவ அறை.

வருடத்துக்கு இரண்டு தடவை எடை பார்ப்போம். கோடை விடுமுறை முடிந்து ஜூலையில் ஒன்று, குளிர் விடுமுறை முடிந்து ஜனவரியில் ஒன்று. செருப்பைக் கழற்றி, ரிப்பனோடு, யூனிஃபார்மோடு ஏற வேண்டும். நான் குண்டை நகர்த்தி, முள் நடுவில் நிற்கும்வரை காத்திருந்து, எடையைச் சத்தமாகச் சொல்வேன். கிளாஸ் லீடர் பதிவேட்டில் எழுதுவாள். நாற்பது பேர் வரிசையில் நிற்பார்கள். ஜனவரியில் எல்லோரும் ஸ்வெட்டரோடு இருப்பதால், ஸ்வெட்டருக்கென்று ஒரு அளவு நிர்ணயித்து எல்லோருக்கும் ஒரேபோல் கழித்துவிடுவேன். ஒரு வகுப்பை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன் என்று எனக்குப் பெருமை.

டாக்டர் கோமதிநாயகம் செவ்வாயும் வெள்ளியும் காலையில் ஸ்கூட்டரில் வருவார். ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். பிள்ளைகளிடம் ஹிந்தி, அதிகாரிகளிடம் ஆங்கிலம், என்னிடம் திருநெல்வேலி. வந்ததும் கை கழுவுவார். குளிர்காலமானால் கொதித்து ஆறும் ஊசிப் பாத்திரத்தின் பக்கவாட்டில் உள்ளங்கைகளை வைத்துச் சூடேற்றிக்கொண்டு, பிறகுதான் குழந்தையைத் தொடுவார். நாடியை முழு ஒரு நிமிடம் பார்ப்பார். "கால் நிமிஷம் பாத்து நாலால பெருக்குனா அது கணக்கு வாத்தியார் வேலை, சிஸ்டர். நமக்கு வைத்தியம்லா வேலை" என்பார்.

பசிக்கிறதா, நன்றாகச் சாப்பிடுகிறாயா என்று எந்தப் பிள்ளையிடமும் அவர் கேட்டு நான் பார்த்ததில்லை. "நேத்து வீட்ல என்ன குழம்பு? சாப்டுட்டு யாரு முதல்ல எந்திரிச்சா?" என்றுதான் கேட்பார். அந்தக் கேள்வியை நான் பொழுதுபோக்கு என்று நினைத்திருந்தேன்.

வசந்தி அப்போது ஒன்பதாம் வகுப்பு. கோயம்புத்தூர்ப் பக்கத்துக் குடும்பம். அப்பா பழனிசாமி மத்திய அரசில் செக்ஷன் ஆபீசர். டெல்லியில் பிறந்த பெண். கணக்கில் முதல், கையெழுத்தில் முதல், நோட்டுக்கு அட்டை போடுவதில் முதல். அதற்கு முந்தின ஆண்டு விழாவில் மீனாட்சி கல்யாண நாடகம் போட்டார்கள். கல்யாணச் சாப்பாடு முழுவதையும் தின்று தீர்க்கும் குண்டோதரன் வேடம் வசந்திக்கு. வாளியை அப்படியே கவிழ்த்துக்கொண்டு தின்றாள். அரங்கம் அதிர்ந்தது. நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தவள்தான். அதன்பிறகு பள்ளியில் யாரும் அவளை வசந்தி என்று கூப்பிடவில்லை.

அடுத்த ஜூலை எடை பார்க்கும்போது முள் எதிர்பார்த்த இடத்தில் நிற்கவில்லை. நன்றாகக் குறைந்திருந்தது. நான் வழக்கம்போல் சத்தமாகச் சொன்னேன். அதோடு நிறுத்தவில்லை. "சபாஷ். கட்டுப்பாடுன்னா இதுதான். எல்லாரும் பாத்துக்குங்க" என்றேன். வரிசையில் இருந்த பெண்கள் கை தட்டினார்கள். வசந்தி சிவந்துபோய் இறங்கினாள். அன்றைய டயரியில் "வசந்தி, நல்ல முன்னேற்றம்" என்று எழுதி அடிக்கோடு வேறு போட்டிருக்கிறேன். இப்போதும் அந்தக் கோடு இருக்கிறது.

ஜனவரியில் பெரிய வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. ஸ்வெட்டருக்கு உண்டான அளவைக் கழித்து எழுதிக்கொண்டேன்.

ஏப்ரலில் ஒரு செவ்வாய்க்கிழமை, வெயில் காயும் காலைப் பிரார்த்தனையில் வசந்தி மயங்கி விழுந்தாள். இரண்டு பெண்கள் தாங்கிக்கொண்டு வந்து கட்டிலில் படுக்க வைத்தார்கள். மின்விசிறி முழு வேகத்தில் சுற்றுகிறது. நான் ரவிக்கை நனைய வியர்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் யூனிஃபார்முக்கு மேல் நீல ஸ்வெட்டர் போட்டிருந்தாள். கழற்றினேன். உள்ளே இன்னொன்று. அதையும் கழற்றினேன். உள்ளே, கை இல்லாத மூன்றாவது.

ஜனவரியில் நான் ஒரு ஸ்வெட்டருக்குத்தான் கழித்திருந்தேன்.

"ஏம்மா இத்தனை?"

"டண்ட் லக்தி ஹை, சிஸ்டர். குளுருது."

கை ஐஸ் மாதிரி இருந்தது. முன்கையில் பிஞ்சுக் குழந்தைக்கு இருப்பதுபோல் பூனைமயிர். தலையணையில் உதிர்ந்த தலைமுடி. டாக்டர் வந்தார், கை கழுவினார், நாடியைப் பிடித்துக்கொண்டு சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஒரு நிமிடம் முடிந்தது. விரலை எடுக்கவில்லை. இன்னொரு நிமிடம் பார்த்தார்.

அப்போதெல்லாம் இளைத்த பிள்ளை என்றால் முதலில் காசநோயைத்தான் தேடுவோம். எக்ஸ்ரே, சளி, ரத்தம், பூச்சி, எல்லாவற்றுக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் எல்லாம் சுத்தமாக வந்தது. நான் சந்தோஷப்பட்டேன். அவர் சந்தோஷப்படவில்லை.

"சிஸ்டர், உங்க டயரியைக் கொண்டாங்க. இந்தப் பிள்ளை பேரு வந்த இடமெல்லாம் படிங்க."

படித்தேன். செப்டம்பரில், இடைவேளையில் மைதானத்தைத் தனியாகச் சுற்றி ஓடுகிறாள், நல்ல பழக்கம். அக்டோபரில், தன் டிபனை வகுப்புக்கே பங்கிட்டுத் தருகிறாள், தாராள மனசு. நவம்பரில், பத்திரிகையில் வரும் சமையல் குறிப்பையெல்லாம் நோட்டில் எழுதி வைக்கிறாள், பொறுப்பான பெண். மாதவிலக்கு நாளில் பஞ்சு கேட்டு வருகிறவர்கள் பட்டியலில் ஆகஸ்டுக்குப் பிறகு அவள் பெயரே இல்லை. அதை நான் கவனிக்கவே இல்லை. பட்டியலில் இருப்பவர்களைத்தானே கவனிப்போம்.

டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லாத்தையும் எழுதியிருக்கீங்க. ஒவ்வொண்ணுக்கும் நல்ல பேரும் வெச்சிருக்கீங்க. வெளிநாட்டுல படிக்கும்போது இப்படி ரெண்டு பிள்ளைகளப் பாத்தேன். இங்கன பாப்பேன்னு நெனைக்கல. சாப்பாடு இருக்கு, பிள்ளை சாப்பிடாது. சாப்பிட முடியாதுன்னு வேணும்னா வெச்சுக்கிடுங்க."

"பிடிவாதமா டாக்டர்?"

"பிடிவாதம்னா அடிச்சுத் தீத்துரலாமே. இது நோய். நெஞ்சும் ஒரு சதைதான, சிஸ்டர்? உடம்பு தன்னையே திங்க ஆரம்பிச்சா அதை மட்டும் மிச்சம் வெக்குமா? நாடி இன்னும் எறங்குச்சுன்னா ஆஸ்பத்திரில படுக்க வைக்கணும். அப்பவும் நிச்சயம் சொல்ல முடியாது. நீங்க வீட்டுக்குப் போயிட்டு வாங்க. சண்டை போடாதீங்க. வாரத்துல எத்தனை நாள் சாப்பிடுதான்னு மட்டும் தெரிஞ்சிட்டு வாங்க."

வியாழக்கிழமை மாலை போனேன். எங்கள் வரிசையில் இருந்து மூன்றாவது வரிசை. சமையலறையில் வசந்தி எல்லோருக்கும் சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருந்தாள். ஒரே அளவு வட்டம். தம்பிக்கு ஐந்து வைத்து, இன்னொன்று இன்னொன்று என்று கட்டாயப்படுத்தினாள். அவள் அம்மா ருக்மணி என்னை முன்னறையில் உட்கார வைத்தார்.

"உடம்புக்கு ஒண்ணும் இல்லைன்னு ஆஸ்பத்திரியில சொல்லிப்போட்டாங்களே சிஸ்டர். அவளுக்கு பக்தி ஜாஸ்திங்க. வெள்ளி, சனி, கிருத்திகை விரதம் விட மாட்டா. இந்த வயசுல எந்தப் புள்ள இருக்கு சொல்லுங்க?"

"மத்த நாள்ல?"

"பக்கத்து வீட்டு சாவ்லாம்மா ஊட்டுலயே தின்னுட்டு வந்துருவாளுங்க. பஞ்சாபிச் சாப்பாடு. அந்தம்மாவுக்கு இவ மேல உசுரு."

சாவ்லா ஆன்ட்டியைப் பார்க்கலாமா என்றேன். அவரே ஒரு கிண்ணம் தயிரோடு வந்துவிட்டார். வசந்தியைப் பற்றி என்றதும் ஹிந்தியில் பொழிந்தார். வசந்தி தோ தேவி ஹை, சாட்சாத் தேவி. திங்கள் சிவனுக்கு, செவ்வாய் ஹனுமானுக்கு, வியாழன் மஞ்சள் உடுத்திக்கொண்டு, மூன்று விரதமும் என்னோடு இருக்கிறாள். என் பெண்கள் ஒருத்திக்கும் இந்தப் புத்தி இல்லை.

"மற்ற நாள் உங்கள் வீட்டில் என்ன சாப்பிடுவாள், ஆன்ட்டி?" என்று ஹிந்தியில் கேட்டேன்.

"இங்கேயா? இங்கே எங்கே சாப்பிடுகிறாள்? இட்லி, தோசை எல்லாம் அம்மாவிடம் சாப்பிட்டுவிட்டுத்தானே வருகிறாள்."

நான் டயரியை எடுத்து ஏழு கட்டம் போட்டேன். ருக்மணி சொன்ன நாட்களுக்கு ஒரு புள்ளி. சாவ்லா ஆன்ட்டி சொன்ன நாட்களுக்கு ஒரு புள்ளி. புதனும் ஞாயிறும் மட்டும் காலியாக இருந்தன. புதன்கிழமைகளில் அவள் டிபன் யார் யார் வயிற்றுக்குப் போகிறது என்பது எனக்குத் தெரியும்.

சுவரில் முருகன் படம் போட்ட தமிழ்க் காலண்டர். அடுத்த வீட்டுச் சுவரில் ஹிந்திக் காலண்டர். ஒரு வருடமாக அந்தப் பெண் இரண்டுக்கும் நடுவில் பட்டினி கிடந்திருக்கிறாள். இரண்டு வீட்டிலும் அவளுக்குப் புண்ணியவதி என்று பெயர்.

இரண்டு அம்மாக்களும் கட்டங்களைக் குனிந்து பார்த்தார்கள்.

"நீங்க ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றார் ருக்மணி தமிழில்.

"துமே பூச்னா சாஹியே தா, நீதான் கேட்டிருக்க வேண்டும்" என்றார் ஆன்ட்டி ஹிந்தியில்.

"எம் புள்ளைய எலும்பாக்கிப் போட்டீங்க."

"உன் வெள்ளிக்கிழமையை என் தலையில் போடாதே."

ஒருவர் பேசியது மற்றவருக்கு முக்கால்வாசி புரிந்திருக்காது. அதனால் சண்டைக்கு ஒரு குறைவும் வரவில்லை. உள்ளே குக்கர் மூன்று விசில் அடித்து ஓய்ந்தது. ஆன்ட்டி திடீரென்று நாற்காலியில் உட்கார்ந்து துப்பட்டாவால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ருக்மணி எழுந்து போய் அவருக்குக் காப்பி கொண்டுவந்தார். ஒரு மிடறு குடித்துவிட்டு ஆன்ட்டி என்னைப் பார்த்து, "அச்சா, இப்போது என்ன செய்ய வேண்டும், சொல்லு" என்றார். அன்றிலிருந்து அவர்கள் ஒரே கட்சி.

மறுநாள் டாக்டர் வசந்தியைத் திரைக்குப் பின்னால் கூப்பிட்டுப் பேசவில்லை. என்னையும் உட்காரச் சொன்னார். உள்ளங்கைகளைத் தேய்த்துக்கொண்டு அவள் கையைப் பிடித்தார்.

"ஏட்டி, சோறு வேண்டாம்னு முதல்ல தோணினது எப்ப?"

"ஆண்டு விழாக்கு அப்புறம் ராத்திரி சாதம் மட்டும் விட்டேன், சார். ஃபிர், அப்புறம் ஜூலைல வெயிட் எடுத்தாங்க." என்னைப் பார்க்காமல் சொன்னாள். "சிஸ்டர் சபாஷ்னு சொன்னாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. அதுக்கு முன்னாடி குண்டோதரன்னுதான் கை தட்டுவாங்க. அன்னிக்குத்தான் வசந்திக்குத் தட்டினாங்க. அப்புறம் நிறுத்த முடியலை. சாப்ட்டா அது போயிடுமோன்னு பயமா இருந்துச்சு. சச்சி, நெஜமா."

அறையில் எங்கள் மூவரைத் தவிர யாரும் இல்லை. பயிற்சியில் எத்தனையோ சொல்லிக் கொடுத்தார்கள். இதற்கு என்ன செய்வது என்று சொல்லவில்லை. "வசந்தி, அது என் தப்பு. உன் எடையை நான் சத்தமா சொல்லியிருக்கவே கூடாது" என்றேன். அவள் வாயைத் திறந்து என்னைப் பார்த்தாள். டாக்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு மூக்கைச் சீந்தினார்.

பிறகு வசந்தியின் அப்பா அம்மாவையும் வரவழைத்து அவர் எழுதிக்கொடுத்தது மருந்துச் சீட்டில்தான். ஆனால் மருந்து ஒன்றுமில்லை. மூன்று வேளையும் வீட்டில் யாராவது ஒருவர் அவளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். சாப்பிட்டு அரை மணி வரை கூடவே இருக்க வேண்டும். தட்டில் அம்மாதான் போட வேண்டும், வசந்தி பரிமாறக் கூடாது. உடம்பைப் பற்றி, இளைப்பு பருமன் பற்றி, நல்லதாகக்கூட யாரும் பேசக் கூடாது. ஓட்டம் கிடையாது. எந்தக் காலண்டரிலும் விரதம் கிடையாது. வாரம் ஒரு நாள் நாடி, எடை. மெஷினில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பாள், எண்ணை நான் மட்டும் பார்ப்பேன். மாதம் ஒரு நாள் பெரிய ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர். ருக்மணி அந்தக் கடைசி வரியைப் பார்த்து முகம் மாறினார். "பல்வலிக்குப் பல் டாக்டர்ட்ட போறதில்லையாம்மா? அப்படித்தான்" என்றார் டாக்டர்.

விரதத்தை விடுவதற்கு வசந்தி ஒப்பவில்லை. சாமி கோபித்துக்கொள்ளும் என்று அழுதாள். அப்போது அதுவரை வாய் திறக்காத பழனிசாமி சார், "கண்ணு, உன்ற திங்கக்கிழமைய நான் எடுத்துக்கறேன். சாமிக்கு வேண்டியது ஒரு பட்டினி. யாருதா இருந்தா என்ன?" என்றார். டாக்டர் தலையில் அடித்துக்கொண்டார். "ஒருத்தர் பட்டினிய இன்னொருத்தர் தலைல கட்டாதீங்க சார். பிள்ளைக்கு அது வேற பாரம்." பழனிசாமி சார் கேட்கவில்லை.

அவர் ஆயுளில் ஒரு வேளைச் சாப்பாடு தவறவிட்டவர் அல்ல. முதல் திங்கட்கிழமை நெற்றி நிறைய விபூதியோடு ஆபீஸ் போனார். சாயங்காலம் ருக்மணியும் வசந்தியும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கப் போனபோது, சோலே பட்டூரே கடை பெஞ்சில் அதே விபூதியோடு உட்கார்ந்திருந்தார். கையில் இரண்டாவது பட்டூரா. இவர்களைப் பார்த்ததும், "இது பலகாரம்தான், சாதம் இல்லை" என்றார். வசந்தி சிரிக்க ஆரம்பித்தாள். நடுக்கடையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். ஒரு வருடமாக வீட்டில் யாரும் கேட்காத சத்தம். "உக்காரு கண்ணு" என்று அவர் நகர்ந்து இடம் கொடுத்தார். உட்கார்ந்தாள். அவர் தட்டில் இருந்து கால்வாசி சாப்பிட்டாள். செவ்வாய்க்கிழமை ருக்மணி இதைச் சொன்னபோது டாக்டர், "சரி, அந்த ஒரு விரதம் மட்டும் நடக்கட்டும்" என்றார்.

அதனாலேயே குணமாகிவிட்டது என்று எழுதினால் டயரி என்னை மன்னிக்காது. ஜூனில் நாடி மறுபடி இறங்கி, நான்கு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். ஆகஸ்டில் தட்டைத் தள்ளிவிட்டு அம்மாவோடு கத்தினாள். ஒரு தோசையைத் துளித் துளியாகக் கிள்ளி ஒன்றரை மணி நேரம் தின்ற இரவுகளில் சாவ்லா ஆன்ட்டி எதிரில் உட்கார்ந்து, தன் மாமியாரைப் பற்றிய கதைகளை ஒன்றுவிடாமல் சொல்லியிருக்கிறார். மனநல டாக்டரிடம் வசந்தி நான்காவது தடவைதான் பேசவே ஆரம்பித்தாள். நவம்பரில் ஒரு நாள் தயங்கித் தயங்கி வந்து பஞ்சு கேட்டாள். கொடுத்துவிட்டு, அவள் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு நான் ஒரு சுற்றுச் சுற்றி ஆடினேன். என் வயது அப்போது முப்பத்தொன்பது.

அடுத்த ஜனவரி முதல் எடை எடுக்கும் முறையை மாற்றினேன். வரிசை கிடையாது. ஒவ்வொருத்தியாக உள்ளே வருவார்கள், ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள், எத்தனை என்று எண்ணி எழுதுவேன். கை தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் அடுத்த கட்டத்தில் ஒரு குறி. டிபனை யார் சாப்பிட்டார்கள் என்று அதற்கு அடுத்த கட்டத்தில். எடையை வாயால் சொல்வதில்லை. ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நேரம் ஆயிற்று. ஏன் இவ்வளவு நேரம் என்று தலைமை ஆசிரியை கேட்டார். அவரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றார் டாக்டர். அந்தக் கட்டங்களால் அதற்குப் பிறகு இரண்டு பெண்களை மயங்கி விழும் முன்பே பிடித்தோம்.

வசந்தி பதினோராம் வகுப்பில் இருந்தபோது ஒரு வெள்ளிக்கிழமை, ஜியாக்ரஃபி டீச்சர் அவளைக் கையைப் பிடித்து மருத்துவ அறைக்கு இழுத்துக்கொண்டு வந்தார். பின்னால் இன்னொரு பெண் காலி டிபன் டப்பாவோடு அழுது வடிந்துகொண்டு வந்தாள்.

"இவளுக்கு என்ன உடம்புன்னு பாருங்க. லஞ்ச் பெல்லுக்கு முன்னாடி இந்தப் பொண்ணோட டிபனை எடுத்துச் சாப்பிட்டிருக்கா. அப்புறம் என் கிளாஸ்ல குறட்டை."

டாக்டர் எழுந்து நின்றுவிட்டார். "என்ன டிபன்?"

"புளியோதரை" என்றது டப்பாக்காரப் பெண். "எங்கம்மா வடையும் வெச்சிருந்தாங்க."

"எம்புட்டுட்டீ தின்ன?"

"பூரா, சார்" என்றாள் வசந்தி. "வாசனை வந்துச்சு. பசிச்சுது."

டாக்டர் அவளை உட்கார வைத்து ஒரு நிமிடம் நாடி பார்த்தார். தனியாகத் தின்றாயா, பிறகு பாத்ரூம் போய் வாந்தி எடுத்தாயா, பயமாக இருந்ததா என்று மெல்லக் கேட்டார். "பின்னாடி பெஞ்ச் எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்க, சார். பயமா இல்லை. தூக்கம்தான் வந்துச்சு." டாக்டர் என்னைப் பார்த்தார். நான் பதிவேட்டுக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் ஒரு பீரியட் வெளியில் நிற்க வேண்டும் என்று ஜியாக்ரஃபி டீச்சர் தீர்ப்புச் சொன்னார். டாக்டர் மறுக்கவில்லை. செய்தியை வீட்டுக்கும் எழுதி அனுப்பச் சொன்னார்.

மறுநாள் காலை ருக்மணியும் சாவ்லா ஆன்ட்டியும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒருவர் கையில் டப்பாக்காரப் பெண்ணுக்கு மூன்றடுக்குக் கேரியர். இன்னொருவர் கையில் பெரிய லட்டு டப்பா. நேராக ஸ்டாஃப் ரூமுக்குப் போய் ஆளுக்கு இரண்டாகக் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஜியாக்ரஃபி டீச்சர் லட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "என்னங்க விசேஷம்? ரேங்க்கா?" என்றார்.

"இல்லீங்க டீச்சர்" என்றார் ருக்மணி, முகமெல்லாம் பல்லாக. "எம் புள்ள திருடிப்போட்டாளுங்க."